தோடியும் ஜி செவனும்

கிற்றாரில் ஒரு ஜி செவன் கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) பிடித்து நாலு தட்டுத் தட்டிவிட்டு சி மேஜருக்கு வாருங்கள். பூசைப் பாட்டிலும் கலியாண வீட்டுப் பைலாவிலும் பழைய சினிமாப் பாட்டிலும் ஆயிரம் தரம் கேட்ட நகர்வுதான். ஜி செவனில் ஒரு தவிப்பு இருக்கும், சி வந்ததும் அடங்கிவிடும். தவிப்புக்குக் காரணம் இரண்டு சுரங்கள். ஜி செவனுக்குள் இருக்கிற பி, சி-க்கு ஏறத் துடிக்கிறது. எஃப், ஈ-க்கு இறங்கத் துடிக்கிறது. இரண்டுக்கும் அரைச் சுரத் தூரம்தான். ஜாஸ் வாசித்தவர்கள் இந்த இரண்டோடு நிற்கவில்லை. இப்படித் தவிக்கக்கூடிய சுரம் இன்னும் எத்தனையை இந்தக் கோர்டுக்குள் கொண்டுவரலாம் என்று தேடினார்கள். ஃப்ளாட் நைன், ஷார்ப் நைன், ஷார்ப் லெவன், ஃப்ளாட் தேர்ட்டீன் என்று புத்தகங்களில் வரும் பெயர்களெல்லாம் அந்தத் தேடலில் கிடைத்த சுரங்களுக்கு இட்டவை.

இந்தப் பெயர்களைக் கண்டதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் ஜாஸ் தங்களுக்கு எட்டாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நல்ல கை, நல்ல தாளம், நல்ல காது உள்ள பிள்ளைகள். எனக்கு அது பொறுக்கவில்லை. இந்தச் சுரங்கள் எங்கள் காதுக்குப் புதிது இல்லை. கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்தில் தோடி ராகம் கேட்டு வளர்ந்த எவருக்கும் இவை நான்கும் தெரிந்தவை. எங்கே நின்று அளப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

மட்டக்களப்பில் கிற்றார் பிடிப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வழியாக வருகிறார்கள். தேவாலயப் பாடகர் குழு ஒன்று. கலியாண பாண்ட் இன்னொன்று. மூன்றாவது பறங்கியர் வீடுகள். வயலினும் ரபான் என்ற கைப்பறையும் சேர்ந்து ஆறு-எட்டுத் தாளத்தில் கஃப்ரிஞ்ஞா என்கிற ஆட்ட இசை ஓடும்போது கிற்றார்காரரின் வலது கையைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கை ஒரு சொத்து. இடது கையில் பெரும்பாலும் மூன்றே கோர்ட், ஆனால் வலது கை ஒரு நொடி தளராது. இன்னொரு பக்கம் கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே கர்நாடக சங்கீதம் முறையாகப் படிக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒரே ஊரில் இருந்தும் ஒன்றோடொன்று உட்கார்ந்து வாசிப்பது குறைவு. நான் சொல்லப் போவது இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் கிடக்கிற விஷயம்.

முதலில் எண்களை முடித்துவிடுவோம். ஜி-யிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்குங்கள். ஜி ஒன்று, பி மூன்று, டி ஐந்து, எஃப் ஏழு. இதுவரை ஜி செவன். நிறுத்தாமல் போனால் ஏ ஒன்பது, சி பதினொன்று, ஈ பதின்மூன்று, மறுபடி ஜி. இந்த மேல் மூன்றும்தான் எக்ஸ்டென்ஷன். அவற்றில் எதையாவது அரைச் சுரம் ஏற்றினாலோ இறக்கினாலோ அது ஆல்டரேஷன். ஏ-யை இறக்கினால் ஃப்ளாட் நைன், ஏற்றினால் ஷார்ப் நைன். சி-யை ஏற்றினால் ஷார்ப் லெவன். ஈ-யை இறக்கினால் ஃப்ளாட் தேர்ட்டீன். (ஏற்றிய ஏ-யும் இறக்கிய பி-யும் கிற்றாரில் ஒரே சுரம், அதைப் பி ஃப்ளாட் என்பேன். அதேபோல ஏற்றிய சி-யை டி ஃப்ளாட் என்பேன்.) அவ்வளவுதான், இதற்கு மேல் கணக்கு இல்லை.

ஜாஸ் சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கர் 1939இல் நியூயோர்க்கில் ஒரு கிற்றார்காரரோடு சேர்ந்து வாசித்துப் பழகிக்கொண்டிருந்தபோது, கோர்டின் இந்த மேல் சுரங்களையே மெட்டாக வாசித்து, அதற்கேற்ப அடியில் கோர்டை நகர்த்தலாம் என்று கண்டுகொண்டதாகப் பின்னாளில் சொன்னது பிரபலம். அந்தக் கிற்றார்காரர் பெயர் பிடி ஃப்ளீட். சாக்ஸபோன்காரருக்கு இந்த வழி திறந்தபோது பக்கத்தில் இருந்தது ஒரு கிற்றார் என்பதை நான் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடுவதில்லை.

ஆனால் கிற்றாரில் ஒரு தடை உண்டு. பியானோவில் பத்து விரலும் பதின்மூன்றாவது கோர்ட் முழுவதையும் பிடிக்கும். எங்களுக்கு இருப்பது ஆறு தந்தி, நாலு விரல். ஆகவே எதை விடுவது என்பதுதான் கிற்றார்காரரின் முதல் படிப்பு. முதலில் விட வேண்டியது ஐந்து. டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஜி செவன்தான். அடுத்தது ஒன்று. பேஸ் கிற்றார் பக்கத்தில் இருந்தால் ஜி-யை அவர் பார்த்துக்கொள்வார். விடக்கூடாதவை மூன்றும் ஏழும். பி-யும் எஃப்-உம் இல்லாத ஜி செவன், ஜி செவனே இல்லை. கவுண்ட் பேசியின் இசைக்குழுவில் 1937 முதல் வாசித்த கிற்றார்காரர் ஃப்ரெடி கிரீன் ஒரு கோர்டில் இரண்டு மூன்று சுரத்துக்கு மேல் ஒலிக்கவிடாமலேயே பெரிய பிராஸ் கூட்டத்தைத் தூக்கி நிறுத்தினார். கலியாண வீடுகளில் ஆறு தந்தியையும் பார் கோர்ட் (ஒரே விரலைக் குறுக்கே படுக்கவைத்துப் பிடிப்பது) போட்டு அமத்தி அடிக்கும்போது கீபோர்டோடு மோதிச் சத்தம் கலங்கிப் போவதைக் கேட்டிருப்பீர்கள். ஜாஸ் வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த ஒன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கையில் பிடித்துப் பார்ப்போம். ஆறாம் தந்தியில், அதாவது ஆகத் தடித்ததில், 3ஆம் ஃப்ரெட் (கழுத்துக் கம்பிகளுக்கு இடைப்பட்ட கட்டம்), நடுவிரல். அது ஜி. ஐந்தாம் தந்தியை நடுவிரலின் நுனியால் தொட்டு ஊமையாக்குங்கள். நாலாம் தந்தியில் 3ஆம் ஃப்ரெட், சுட்டுவிரல். அது எஃப். மூன்றாம் தந்தியில் 4ஆம் ஃப்ரெட், மோதிரவிரல். அது பி. மூன்று சுரத்தில் முழு ஜி செவன். இனிச் சுண்டுவிரலை இரண்டாம் தந்தியில் 5ஆம் ஃப்ரெட்டில் வையுங்கள். ஈ வரும், பதின்மூன்று. இது வெளிச்சமான சத்தம். அதே சுண்டுவிரலை ஒரு ஃப்ரெட் பின்னுக்கு இழுத்து 4இல் வையுங்கள். ஈ ஃப்ளாட். அதே கோர்ட், ஒரு சுரம்தான் அரைப் படி இறங்கியிருக்கிறது, ஆனால் முகமே கறுத்துவிடுகிறது. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் கன நேரம் கேட்க வேண்டும். எக்ஸ்டென்ஷனுக்கும் ஆல்டரேஷனுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த அட்டவணையும் இதைவிட நன்றாகச் சொல்லாது.

இப்போது சுண்டுவிரலை எடுத்துவிட்டு, மோதிரவிரலைப் படுக்கவைத்து முதல் மூன்று தந்தியையும் 4ஆம் ஃப்ரெட்டில் அமத்துங்கள். கீழிருந்து மேலாக ஜி, எஃப், பி, ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட். ஃப்ளாட் நைனும் ஃப்ளாட் தேர்ட்டீனும் சேர்ந்த கோர்ட். (கல்லடிக் கடற்காற்றில் இரும்புத் தந்தி சீக்கிரம் துருவேறும். முதல் தந்தி மழுங்கிப் போயிருந்தால் அந்த ஏ ஃப்ளாட் எழும்பாது, கோர்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. முதல் இரண்டு தந்தியையாவது அடிக்கடி மாற்றுங்கள்.)

இதிலிருந்து வீட்டுக்கு, அதாவது தவிப்பு அடங்கும் சி-க்கு, வருவோம். ஐந்தாம் தந்தி 3ஆம் ஃப்ரெட்டில் நடுவிரல், நாலாம் தந்தி 2இல் சுட்டுவிரல், மூன்றாம் தந்தி 4இல் சுண்டுவிரல், முதல் இரண்டு தந்தியும் 3இல் மோதிரவிரல் படுத்தபடி. சி மேஜர் நைன். பேஸை விட்டுவிட்டு மேல் நாலு தந்தியில் நடந்ததை மட்டும் பாருங்கள். எஃப் ஒரு ஃப்ரெட் இறங்கி ஈ ஆனது. ஈ ஃப்ளாட் ஒரு ஃப்ரெட் இறங்கி டி ஆனது. ஏ ஃப்ளாட் ஒரு ஃப்ரெட் இறங்கி ஜி ஆனது. பி மட்டும் அசையாமல் அதே இடத்தில் நிற்கிறது. மூன்று சுரம் ஒன்றாகச் சாய, ஒன்று தூண் போல் நிற்கிறது. ஆல்டர்ட் கோர்ட் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் சொல்லாமல் இதைத்தான் வாசித்துக் காட்டுவேன்.

இனித் தோடிக்கு வருகிறேன். என் அக்காவின் மகள் வாய்ப்பாட்டுப் படிக்கிறவள். ஒருநாள் பின்னேரம் அவளுடைய சுருதிப் பெட்டி சி-யில் பாடிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் இருந்து ஜி செவனின் நாலு ஆல்டரேஷனையும் ஒவ்வொன்றாக, சத்தம் அடங்கும்வரை விட்டு விட்டு வாசித்தேன். ஏ ஃப்ளாட். பி ஃப்ளாட். டி ஃப்ளாட். ஈ ஃப்ளாட்.

“மாமா, இது தோடிட சுரம்தானே? கமகத்தக் காணல்லியே” என்றாள். கமகம் என்றால் சுரத்தை அசைத்துப் பாடுவது.

எண்ணிப் பாருங்கள். சி-யை ஸ-வாக வைத்தால் டி ஃப்ளாட் சுத்த ரிஷபம், ஈ ஃப்ளாட் சாதாரண காந்தாரம், ஏ ஃப்ளாட் சுத்த தைவதம், பி ஃப்ளாட் கைசிகி நிஷாதம். எட்டாவது மேளமான (மேளம் என்றால் ஏழு சுரமும் உள்ள தாய் ராகம்) ஹனுமத்தோடியின் ரி, க, த, நி. ஜி-யிலிருந்து அளந்தபோது ஃப்ளாட், ஷார்ப் என்று நாலு பெயரோடு நின்றவை, சி-யிலிருந்து அளந்தால் நாலு பழைய ஆட்கள். இதோடு ஜி செவனின் சொந்தச் சுரமான பி, காகலி நிஷாதமாக வந்து சேர்கிறது. அந்த ஒன்றுதான் தோடிக்கு வெளியே.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது சுரத்தானத்தைப் பற்றி, ராகத்தைப் பற்றி அல்ல. தோடி என்கிற ராகம் அதன் காந்தாரத்தின் அசைவில் இருக்கிறது. ஃப்ரெட் போட்ட கிற்றாரில் அசையாத ஈ ஃப்ளாட்டை வாசித்துவிட்டு இதுதான் தோடி என்று எந்த நாதஸ்வர வித்துவான் முன்னாலும் சொல்ல முடியாது. மாமாங்கேஸ்வரர் ஆடி அமாவாசைத் திருவிழாவில் தோடி கேட்டவருக்கு அந்த வித்தியாசம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தோடியைக் கேட்ட காதுக்குள் சுத்த ரிஷபம் ஸ-வுக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது, சுத்த தைவதம் பஞ்சமத்தில் எப்படிச் சாய்கிறது என்கிற உணர்வு ஏற்கெனவே பதிந்திருக்கிறது. ஜாஸுக்கு வேண்டியது அந்த உணர்வுதான். அதைப் புதிதாகச் சம்பாதிக்கத் தேவையில்லை.

அப்படியென்றால் எங்களுக்கு எது கஷ்டம்? ஆதார சுருதி நகர்வது. கர்நாடக சங்கீதத்தில் தம்பூரா தொடங்கிய இடத்தில்தான் முடியும். மணிக்கணக்காக ஒரே ஸ. ஜாஸில் பார் (தாளத்தின் ஒரு சுற்று) மாற மாறக் கோர்டின் அடிச் சுரம் மாறும், வாசிப்பவர் அந்த அடியையும் கேட்க வேண்டும், பாட்டின் வீட்டையும் கேட்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு ஸ. ஏ ஃப்ளாட்டை வாசிக்கும்போது அது ஜி-க்கு ரிஷபம், சி-க்குத் தைவதம். இரண்டும் உண்மை. ரிஷபமாக உரசுகிறது, தைவதமாக வழி காட்டுகிறது. உரசலை மட்டும் கேட்கிறவர் ஆல்டர்ட் சுரத்தைச் சும்மா காரத்துக்குத் தூவுவார். வழியையும் கேட்கிறவர்தான் அதை அடுத்த கோர்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. கிற்றாரைக் கீழே வைத்துவிட்டுச் செய்ய வேண்டியது. சுருதியைச் சி-யில் வைத்து, பஞ்சமம் பாடி, அதிலிருந்து சுத்த தைவதத்துக்குப் போய் நில்லுங்கள். குரலை விடாமல், யாரையாவது சுருதியை ஜி-க்கு மாற்றச் சொல்லுங்கள். போனில் உள்ள தம்பூரா செயலியும் போதும். நீங்கள் பாடிக்கொண்டிருக்கும் சுரம் அசையவில்லை, ஆனால் திடீரென்று அது சுத்த ரிஷபமாகிவிடும். முதல் தரம் உடம்பு சிலிர்க்கும். இதையே சாதாரண காந்தாரத்துக்குச் செய்தால் அது ஜி-யில் சுத்த தைவதம். கைசிகி நிஷாதத்துக்குச் செய்தால் சட்சுருதி ரிஷபம். சுத்த ரிஷபத்துக்குச் செய்தால் பிரதி மத்திமம். நாலையும் இப்படிப் பாடிப் பழகியவருக்கு ஆல்டர்ட் கோர்டைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்க அதிகம் மிச்சமிருக்காது.

இந்த மாதிரி ஸ-வை மாற்றிக் கேட்பது எங்கள் மண்ணுக்கு அந்நியமான வேலையும் அல்ல. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை சொல்லும் யாழைத் தேடிப் போய் எழுதிய யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. அதன் நடுவில் இருப்பதே பாலைத் திரிபுதான் (இங்கே பாலை என்பது ஏழு சுர வரிசை). குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழில் ஒவ்வொன்றையும் மாறி மாறிக் குரலாக, அதாவது தொடக்கச் சுரமாக, வைத்தால் ஒவ்வொரு பாலை பிறக்கும். நரம்புகள் அதேதான், நிற்கும் இடம்தான் வேறு. பின்னாளில் கர்நாடக சங்கீதத்தில் கிரக பேதம் என்று செய்வதும் இதைத்தான்.

இதைத் தெரிந்துவைத்திருப்பவருக்கு ஜாஸின் ஆல்டர்ட் ஸ்கேல், அதாவது ஆல்டர்ட் கோர்டுக்கு வாசிக்கும் சுர வரிசை, இரண்டு நிமிட வேலை. ஏ ஃப்ளாட்டை ஸ-வாக வைத்துக் கௌரிமனோகரி பாடுங்கள். மேற்கில் மெலோடிக் மைனர் என்கிறார்களே, அதன் ஆரோகணம் இதே இருபத்து மூன்றாவது மேளம்தான். அதன் காகலி நிஷாதம் ஜி. அந்த நிஷாதத்தை ஸ-வாக்குங்கள். ஜி, ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், பி, டி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், எஃப். நாலு ஆல்டரேஷனும், ஜி செவனின் மூன்றும் ஏழும், ஒன்றும் எல்லாம் உள்ளே. பஞ்சமம் மட்டும் இல்லை. பஞ்சமம் இல்லாததால்தான் இது எழுபத்திரண்டு மேளத்தில் ஒன்றாக வரவில்லை. கௌரிமனோகரியின் ரிஷபத்திலிருந்து கிரக பேதம் செய்தால் நாடகப்பிரியா, மத்திமத்திலிருந்து வாசஸ்பதி, பஞ்சமத்திலிருந்து சாருகேசி என்று மேளங்கள் கிடைக்கும். நிஷாதத்திலிருந்து கிடைப்பதைக் கச்சேரி மேடை எடுத்துக்கொள்ளவில்லை, ஜாஸ் எடுத்துக்கொண்டது.

வாசஸ்பதி என்றேன் அல்லவா, அதைக் கிற்றாரில் பார்க்க ஒரு விரல் போதும். மறுபடி அந்தக் கோர்டைப் பிடியுங்கள். ஆறாம் தந்தியில் நடுவிரல், நாலாம் தந்தியில் சுட்டுவிரல், மோதிரவிரல் 4ஆம் ஃப்ரெட்டில் படுத்திருக்கிறது. நடுவிரலை மட்டும் தூக்கி ஐந்தாம் தந்தி 4ஆம் ஃப்ரெட்டில் வையுங்கள். மற்ற விரல் ஒன்றும் அசையக் கூடாது. இப்போது கையில் இருப்பது டி ஃப்ளாட் நைன். எந்த பாண்ட் கிற்றார்காரருக்கும் தெரிந்த, சினிமாப் பாட்டில் அடிக்கடி வரும் அந்த நைன் கோர்டின் வடிவம். ஜி செவனின் மிகக் கறுத்த சத்தமும், எல்லோர் கையிலும் இருக்கிற டி ஃப்ளாட் நைனும், பேஸ் சுரம் ஒன்றைத் தவிர ஒன்றேதான். டிரைடோன் சப்ஸ்டிடியூஷன் என்று பெரிய பெயரில் சொல்வது இதை. இதிலிருந்து சி மேஜர் நைனுக்கு வந்தால் பேஸும் சேர்ந்து ஒரு ஃப்ரெட் இறங்குகிறது. அந்த டி ஃப்ளாட்டிலிருந்து அதே சுரங்களைப் பாடினால் வாசஸ்பதி. ஜாஸ் கிற்றார்காரர் ஜோ பாஸ் 1973இல் தனிக் கிற்றாராகப் பதிந்த வாசிப்புகளைக் கேளுங்கள், பேஸ் வரி இப்படி அரைச் சுரமாக நழுவி இறங்குவது எத்தனை இடத்தில் வருகிறதென்று தெரியும்.

இவ்வளவும் கோர்ட். ஒற்றைச் சுரத்தில் மனோதர்மமாக, அதாவது அந்த நேரத்தில் கற்பனை செய்து, வாசிப்பதற்கு வேறொரு ஒழுங்கு வேண்டும். ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டுவது மனோதர்மம் இல்லை. கற்பனைச் சுரம் பாடுகிறவர் எவ்வளவு சுற்றினாலும் எடுப்புக்கு (பல்லவி தொடங்கும் இடத்துக்கு) சரியாக வந்து நிற்க வேண்டும், அதுவும் பல்லவியின் முதல் சுரத்துக்குப் பொருந்துகிற சுரத்திலிருந்து. ஜாஸிலும் அதேதான். சி வரும் பாரின் முதல் தட்டில் எந்தச் சுரத்தில் இறங்கப் போகிறேன் என்பதை முன்கூட்டியே காதில் வைத்துக்கொண்டுதான் ஜி செவனில் அலைய வேண்டும். இறங்க நல்ல இடம் சி-யின் மூன்று, அதாவது ஈ.

ஒரு சின்ன வரி தருகிறேன். முதல் தந்தியில் 6, பிறகு 4. இரண்டாம் தந்தியில் 6, பிறகு 4. சி கோர்ட் விழும் தட்டில் இரண்டாம் தந்தி 5. பி ஃப்ளாட், ஏ ஃப்ளாட், எஃப், ஈ ஃப்ளாட், ஈ. பாடினால் கைசிகி நி, சுத்த த, சுத்த ம, சாதாரண க, அந்தர க. கடைசி மூன்றைக் கவனியுங்கள். எஃப் மேலிருந்து ஈ-யை நெருக்குகிறது, ஈ ஃப்ளாட் கீழிருந்து நெருக்குகிறது, நடுவில் ஈ திறக்கிறது. தோடியின் காந்தாரம் சங்கராபரணத்தின் காந்தாரமாக ஏறுகிற அந்த அரைச் சுரத்தில்தான் முழு வரியின் அர்த்தமும் இருக்கிறது. ஒரு தட்டுப் பிந்தினால் கேட்பவருக்கு அது பிழைச் சுரமாகப் படும். ஆகவே முதலில் மெதுவாக, கால் தட்டி, வாயால் பாடி, அப்புறம் விரல். ஜாஸ் கிற்றார்காரர் வெஸ் மொண்ட்கொமெரிக்கு இசைக் குறியீடு வாசிக்கத் தெரியாது. தனக்கு முந்திய கிற்றார்காரர் சார்லி கிறிஸ்டியனின் வாசிப்புகளைக் கேட்டுக் கேட்டே அவர் தன் கையை உருவாக்கினார். சுரம் சொல்லிப் பாடத் தெரிந்த எங்கள் பிள்ளைகள் அவரைவிட ஒரு படி முன்னால் நிற்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

இதையெல்லாம் பழக ஒரு பாட்டு வேண்டும். ஜோசப் கொஸ்மா 1945இல் பிரான்சில் மெட்டமைத்து, ஆங்கிலத்தில் ‘ஆட்டம் லீவ்ஸ்’ என்று பேரெடுத்த பாட்டை எடுங்கள். ஜி மைனரில் வாசித்தால் முதல் எட்டு பார் சி மைனர் செவன், எஃப் செவன், பி ஃப்ளாட் மேஜர் செவன், ஈ ஃப்ளாட் மேஜர் செவன், ஏ மைனர் செவன் ஃப்ளாட் ஃபைவ், டி செவன், அப்புறம் இரண்டு பார் ஜி மைனர். மெட்டின் நீண்ட சுரங்களை மட்டும் பொறுக்கினால் ஈ ஃப்ளாட், டி, சி, பி ஃப்ளாட் என்று படிப்படியாக இறங்கும். ஒவ்வொன்றும் அது நிற்கிற கோர்டின் மூன்று. இறங்க வேண்டிய இடத்தை மெட்டே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

இரண்டாவது பாரில் எஃப் செவன். வீடு பி ஃப்ளாட். மேலே சொன்ன கைவேலையை அப்படியே இரண்டு ஃப்ரெட் பின்னுக்குக் கொண்டுவாருங்கள். ஐந்தாம் தந்தி 2, நாலாம் தந்தி 1, மற்ற மூன்றும் 2. அது பி நைன். அதிலிருந்து ஐந்தாம் தந்தி 1, நாலாம் தந்தி திறந்தபடி, மூன்றாம் தந்தி 2, முதல் இரண்டும் 1. பி ஃப்ளாட் மேஜர் நைன். தனி வாசிப்பு நடக்கும்போது பின்னால் இதைப் போட்டால் வாசிப்பவர் திரும்பிப் பார்ப்பார். ஆனால் பாட்டு பாடப்படும்போது போடாதீர்கள். அந்த பாரின் கடைசியில் மெட்டு எஃப், ஜி, ஏ என்று ஏறி டி-க்குப் போகிறது. பாடகர் ஜி பாட, நீங்கள் ஜி ஃப்ளாட்டை வைத்திருந்தால் அது அவருடைய சுருதியைக் குழப்பும். மெட்டில் உள்ள சுரத்தை மறுக்கிற எந்த ஆல்டரேஷனும், எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த நேரத்தில் வேண்டாம்.

ஆறாவது பாரில்தான் பாட்டு உண்மையில் சோதிக்கிறது. டி செவன், வீடு ஜி மைனர். இங்கே ஃப்ளாட் நைன் என்றால் ஈ ஃப்ளாட், ஃப்ளாட் தேர்ட்டீன் என்றால் பி ஃப்ளாட். இரண்டும் ஜி மைனரின் சொந்தச் சுரங்கள். ஜி-யிலிருந்து கீரவாணி பாடினால் தானாக வந்து நிற்கும். அதே சுரங்களை டி-யிலிருந்து தொடங்கினால் வகுளாபரணம். மேஜர் வீட்டுக்குப் போகும்போது வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தவை, மைனர் வீட்டில் ஏற்கெனவே குடியிருக்கின்றன. ஆகவே தனி வாசிப்பில் டி செவனுக்கு ஆல்டர்ட் ஸ்கேல் தேடி ஓட வேண்டாம். கீரவாணியை மனசில் வைத்து, எஃப் ஷார்ப்பை வழியில் தொட்டு, ஏழாவது பாரின் பி ஃப்ளாட்டில் இறங்கினாலே போதும். ஷார்ப் நைனும் ஷார்ப் லெவனும் அதற்குப் பிறகு வரட்டும்.

ஆனால் மெட்டு அந்த இடத்தில் கீரவாணியில் இல்லை. டி, ஈ, எஃப் ஷார்ப் என்று ஏறி பி ஃப்ளாட்டுக்குத் தாவுகிறது. ஈ ஃப்ளாட் இல்லை, ஈ. ஜி-யிலிருந்து அளந்தால் சதுசுருதி தைவதம், அதாவது கௌரிமனோகரி. கொஸ்மா அந்த ஒரு ஏற்றத்துக்கு மட்டும் தைவதத்தை உயர்த்திவிட்டு, பி ஃப்ளாட்டில் மைனரை உறுதி செய்கிறார். இதைக் கவனிக்காமல் பழக்க தோஷத்தில் டி செவன் ஃப்ளாட் நைன் போடுகிறவர்கள் நிறையப் பேர், பெரிய மேடைகளிலும்கூட. பாடகரின் ஈ-யும் கிற்றாரின் ஈ ஃப்ளாட்டும் அந்த அரைத் தட்டில் இடித்துக்கொள்ளும். பாட்டு ஓடும்போது அந்த பாரில் நாலாம் தந்தி 4ஆம் ஃப்ரெட்டில் எஃப் ஷார்ப், மூன்றாம் தந்தி 5ஆம் ஃப்ரெட்டில் சி, இந்த இரண்டை மட்டும் பிடியுங்கள். டி-யைப் பேஸ்காரர் பார்த்துக்கொள்வார், ஈ-யைப் பாடகர் பாடிவிடுவார்.